என் மைக்கில் அவன் பாடினான்

ஆரணியில் என் முகம் தெரியாதவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். என் குரல் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நான் விளம்பர ஆட்டோ ஓட்டுகிறேன். கூரையின் மேல் முன்பக்கம் பார்த்து ஒன்று, பின்பக்கம் பார்த்து ஒன்று என இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். ஒரு கை வண்டியைப் பிடித்திருக்கும், ஒரு கை மைக்கைப் பிடித்திருக்கும். பட்டுக்கடையில் ஆடித் தள்ளுபடி, மண்டியில் புது அரிசி, நாளைக்குக் குடிதண்ணீர் வராது, இன்னார் வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார், எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்கிறவன் நான்தான். பத்தாவது வரைக்கும் படித்தேன். அதற்குமேல் படித்ததெல்லாம் அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள்.

எங்கள் வேலையில் எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது அல்லவா? முதல் வீட்டுக்காரருக்குத் தலை கேட்கும், அடுத்த வீட்டுக்காரருக்கு வால் கேட்கும். மூன்று தடவை சொன்னால்தான் தெரு முழுக்க முழுசாகப் போய்ச் சேரும். அப்புறம், குரலும் இரண்டு வேண்டும். விற்பனைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. சாவுக் குரல் அடித்தொண்டையில் இருந்து மெதுவாக வரும். "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று நான் ஆரம்பித்தால் போதும். தறி ஓடுகிற தெருவில் தறி நின்றுவிடும். யாராம் யாராம் என்று ஜன்னலுக்கு ஜன்னல் தலை தெரியும்.

விற்பனைக் குரலுக்கு நானே ஒரு வரி கட்டி வைத்திருக்கிறேன்.

"வீட்ல இருக்கறவங்க வாசலுக்கு வாங்க! வாசல்ல இருக்கறவங்க வண்டிகிட்ட வாங்க!"

இதுவரை ஒருத்தரும் வண்டிகிட்ட வந்ததில்லை. அவரவர் இருக்கிற இடத்திலிருந்தே கேட்டுக்கொள்வார்கள். அது பரவாயில்லை. ஆனால் இந்த வரி ஊர் முழுக்கத் தெரியும். டீக்கடையில் என்னைப் பார்த்தால் "வாசலுக்கு வந்தாச்சு, டீய வண்டிகிட்ட குடுக்கட்டா?" என்று கிண்டல் செய்கிற அளவுக்குத் தெரியும்.

என் மகள் மூன்றாவது படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வருவாள். நான் முதல் பாதி சொல்வேன். மைக்கை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனால் அவள் இரண்டாவது பாதி சொல்வாள். இப்போது அவள் ஒன்பதாவது. போன வருஷம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, நம்ம தெருவுல மட்டும் மைக்க ஆஃப் பண்ணிக்கறியா?"

"ஏம்மா? நம்ம தெருவுல யாரும் சேல வாங்க மாட்டாங்களா?"

"அதில்லப்பா. டியூஷன் பசங்க எல்லாம் இந்தப் பக்கமாத்தான் வருதுங்க. உன்ன மாதிரியே பேசிப் பேசிக் காட்டி ஒரே பேஜார் பண்ணுதுங்க."

அன்றிலிருந்து எங்கள் தெரு முனையில் இருக்கிற வேப்பமரம் வந்தால் மைக்கை அணைத்துவிடுவேன். மரத்திலிருந்து எங்கள் வீடு வரைக்கும் வண்டி சும்மா வரும். நான் கோபப்படவில்லை. பிள்ளைகள் வளர்ந்தால் கூச்சம் வரும், எனக்கும் தெரியும். அவளுக்கு யாருடைய பேச்சும் பிடிக்கவில்லை என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஒருத்தன் பேச்சு மட்டும் பிடித்திருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் சென்னைப் பையன். மெட்ராஸில் வடக்கே எங்கேயோ ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவனாம். ஹிப் ஹாப் பாடுகிறவன். பாட்டு என்று இவள் சொல்கிறாள். எனக்குக் கேட்டால் பேச்சுதான். தாளத்துக்கு ஏற்ற மாதிரி வேகவேகமாக, முடிவு முடிவாக ஒத்துப்போகிற மாதிரி பேசுகிறான். அதைத்தானே நானும் செய்கிறேன்? பட்டுக்கடைக்கு "கட்டு கட்டா பட்டு, கையில தொட்டுத் தொட்டுக் கட்டு" என்று நான் சொன்னால் அது விளம்பரம். அவன் சொன்னால் அது பாட்டு. என் மகளுக்கு அவன் வார்த்தை ஒன்றுவிடாமல் மனப்பாடம். பாத்திரம் கழுவும்போது உதடு அசையும். என்னை "நீ" என்பாள். அவனை "அவரு" என்பாள்.

என் மனைவி வீட்டில் உட்கார்ந்து பட்டுச் சேலைக்குக் குஞ்சம் கட்டுவாள். கை வேலை செய்யும், கண் வேலையில் இருக்கும், ஆனால் வீட்டில் ஒன்றும் அவளுக்குத் தப்பாது.

"இன்னாங்க, அந்தப் பையன் போட்டோவ அப்டி மொறைக்கறீங்க? போனு வெடிச்சிடப் போவுது."

"நான் ஏன் மொறைக்கறேன்? தலைமுடி இன்னாத்துக்கு அப்டி வச்சிகினு கீறான்னு பாத்தேன்."

"உங்களுக்கு வைக்க முடி இல்லன்ற வயித்தெரிச்சலா?"

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் வயிறு எரிந்தது உண்மைதான்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் பெரிய பட்டுக்கடை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கடையை இரண்டு மாடி சேர்த்துப் புதுசாகக் கட்டியிருந்தார். ஜனங்களைச் சேர்க்க இலவச இசை நிகழ்ச்சி வைக்கப் போவதாகச் சொன்னார். யார் வருகிறார் என்று கேட்டேன். அவன் பெயரைச் சொன்னார்.

"எங்க பையன் அடம் புடிச்சான்யா, அவரைத்தான் கூப்புடணும்னு. ஒரு வாரம் நீ சுத்து. ஆரணி, சேத்துப்பட்டு, தேசூரு, ஒரு தெரு வுடாத. நிகழ்ச்சி அன்னிக்கும் வண்டியோட வந்துடு. வண்டி நிறுத்தற எடம் சொல்லணும், கொழந்த காணாம போனா சொல்லணும்."

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வேலை வேலைதான். ஒரு வாரம் முழுக்க அவனை நான் புகழ வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் மூன்று தடவை.

முதல் நாள் காலையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மைக்கைச் சோதித்தேன். சும்மா பழக்கத்தில் அந்த அறிவிப்பையே சின்னக் குரலில் சொல்லிப் பார்த்தேன். உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்த மகள் பாதிப் பின்னலோடு ஓடி வந்தாள். என் அறிவிப்பைக் கேட்க அவள் ஓடி வந்து எத்தனை நாளாயிற்று! சீட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். முழுசாகக் கேட்டாள்.

"அவ்ளோதானா?"

"இன்னாம்மா அவ்ளோதான்?"

"பிரபலப் பாடகர்னு மட்டும் சொல்ற. பல்லு பவுடருக்குச் சொல்ற மாதிரி கீது. அவரப் பத்தி நல்லா சொல்லுப்பா. புயலு மாதிரின்னு சொல்லு. மூச்சு விடாம பாடுவாருன்னு சொல்லு."

"நானுந்தான் மூச்சு விடாம பேசறேன்."

"சொல்லுப்பா, ப்ளீஸ்."

சொன்னேன். மூச்சு விடாமல் பாடும் புயல் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கை தட்டினாள். அந்தக் கைத்தட்டு எனக்கா, புயலுக்கா என்று தெரியாமலே வண்டியை எடுத்தேன்.

சேத்துப்பட்டில் பள்ளிக்கூடம் விட்ட நேரம். அவன் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். தேசூரில் ஒரு பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தி, "யாருப்பா அது, கட்சிக்காரரா?" என்று கேட்டார். அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் மற்ற இடத்தில் எல்லாம் அவன் பெயர்தான் ஓடியது. பட்டுச்சேலையைப் பற்றி நான் சொல்லும்போது ஒருவரும் காது கொடுக்கவில்லை. என் தொண்டை கரகரத்தது. வீட்டில் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள் மனைவி. "அவனுக்காக நீங்க தொண்டைய கிழிச்சிக்கறீங்க. அவன் சென்னையில சுகமா தூங்கிகினு கீறான்" என்று சொல்லி எரிகிறதில் கொஞ்சம் எண்ணெயும் ஊற்றினாள்.

நிகழ்ச்சி ஆற்றுப் பக்கம் இருக்கிற மைதானத்தில். சாயங்காலம் ஆரம்பம். நான் மத்தியானமே போய் வாசலில் நின்று, "டூ வீலர் இடது பக்கம், வேன் வலது பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். என் மகளும் மனைவியும் வந்தார்கள். மகளோடு டியூஷன் தோழிகள் இரண்டு பேர். என்னைத் தாண்டும்போது மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பிப் பார்த்துக் கையை இடுப்பளவில் வைத்து, யாருக்கும் தெரியாத மாதிரி ஆட்டினாள். நானும் அதே மாதிரி இடுப்பளவில் ஆட்டினேன்.

இருட்டத் தொடங்கியதும் மேடையில் விளக்குகள் அணைந்தன. ஒரு சத்தம் வந்தது. இடி மாதிரி என்று சொன்னால் போதாது. இடி காதில் விழும். இது நெஞ்சில் விழுந்தது. என் ஆட்டோவின் கண்ணாடி கடகடவென்று ஆடியது. என் குழாய் ஸ்பீக்கரை ஆயிரம் சேர்த்தாலும் இந்தச் சத்தம் வராது என்று நினைத்தேன். விளக்கு பளீரென்று எரிந்தபோது அவன் மேடை நடுவில் நின்றிருந்தான். ஒல்லிப் பையன். தொளதொளவென்று ஒரு சட்டை. அவன் அளவுக்கு இரண்டு பேர் அதற்குள் நுழையலாம்.

"ஆரணீ!" என்றான்.

நான் தினமும் சொல்கிற ஊர்தான். நான் சொல்லி ஒருநாளும் ஊர் திரும்பக் கத்தியதில்லை. அன்றைக்குக் கத்தியது.

பிறகு அவன் ஆரம்பித்தான். மேடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடினான். குதித்தான். குனிந்தான். வார்த்தை மட்டும் நிற்கவே இல்லை. கீழே எல்லோரும் கையைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினார்கள். காற்றில் நெல் வயல் ஆடுமே, அந்த மாதிரி. மண் புழுதி கிளம்பி விளக்கு வெளிச்சத்தில் பொன்னாக மிதந்தது. அவன் ஒரு வரி சொன்னால் கூட்டம் அடுத்த வரி சொன்னது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கூட்டத்தின் மேல் வீசினான். நனைந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் யார் மேலாவது தண்ணீர் வீசினால் சண்டைக்கு வருவார்கள்.

நான் மற்றவர்களைப் போல அவனைப் பார்க்கவில்லை. அவன் எங்கே மூச்சு எடுக்கிறான் என்று பார்த்தேன். எங்கள் தொழிலில் அதுதான் ரகசியம். பார்த்துக்கொண்டே வந்தபோது பிடித்துவிட்டேன்! அவனுக்குப் பின்னால் இன்னொரு பையன் மைக்கோடு நின்றான். இவன் மூச்சு எடுக்கிற இடத்தில் எல்லாம் அந்தப் பையன் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வண்டியை விட்டுவிட்டுக் கூட்டத்தை ஒட்டி நடந்து மகள் இருக்கிற இடத்துக்குப் போனேன்.

"பாரும்மா. மூச்சு விடாம பாடுவாருன்னியே. பின்னாடி கீற பையன்தான் பாதி பாடறான்."

"தெரியும்ப்பா" என்றாள், கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல். "எல்லா ஷோலயும் அப்டித்தான். நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது நீ பாதி சொன்னா நான் பாதி சொல்வேனே, அந்த மாதிரி."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவள் அதை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று சந்தோஷப்படுவதா? அவனோடு சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று வருத்தப்படுவதா?

அப்போது அவன் கையைத் தூக்கினான். இசை நின்றது. பின்னால் இருந்த பையனும் மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டான். இவன் மட்டும் தனியாக, தாளம்கூட இல்லாமல் பேச ஆரம்பித்தான். தண்ணி லாரிக்குக் குடத்தோடு ஓடின அவன் அம்மாவைப் பற்றி. அந்தக் குடத்தின் நசுங்கின பக்கத்தைப் பற்றி. நீளமாக, வேகமாக, ஒரு வார்த்தை சிதறாமல். நான் மூச்சைப் பார்த்தேன். பார்த்தேன். அவன் மூச்சு எடுக்கவே இல்லை போலிருந்தது. கடைசி வரியில் எனக்குத்தான் மூச்சு முட்டியது. கூட்டம் "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று கத்தியது. என் மகள் அழுதுகொண்டிருந்தாள். நான் வண்டிக்குத் திரும்பினேன். கெட்டிக்காரனாக இல்லாமல் இருந்திருந்தால் அவனை மன்னித்திருப்பேன்.

அடுத்த பாட்டு பாதியில் இருக்கும்போது எல்லாம் அணைந்தது. விளக்கு, சத்தம், மேடைத் திரை, எல்லாம். ஜெனரேட்டர் நின்றுவிட்டது. முதலில் கூட்டம் விசில் அடித்தது. பிறகு பின்னால் இருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று பார்க்க முன்னால் தள்ளினார்கள். முன்னால் இருந்தவர்கள் மூங்கில் தடுப்பில் நசுங்கினார்கள். எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டது. என் மகளும் முன்வரிசையில்தான் இருந்தாள்.

முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யோவ், உன் மைக்கு பேட்டரிலதான ஓடுது? ஜல்தியா மேடைகிட்ட கொண்டா! எதுனா பேசி நிறுத்துய்யா!"

வண்டியை ஓரமாக ஓட்டி மேடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மைக்கை எடுத்தேன். என்ன பேசுவது? பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜனங்களை உடனே அமைதியாக்க வேண்டும் என்பது மட்டும் மண்டையில் இருந்தது. வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. தவறான குரல் வந்துவிட்டது.

"ஆழ்ந்த... வருத்தத்துடன்... தெரிவித்துக்கொள்கிறோம்..."

அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தள்ளியவர்கள் தள்ளுவதை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் கேட்டால் கால் நகராது. இருட்டில் "யாராம்? யாராம்?" என்று முணுமுணுப்பு. மேடை ஓரத்தில் முதலாளி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆரம்பித்தாயிற்று, முடிக்க வேண்டுமே. யாரையாவது சாகடிக்க வேண்டுமே. அதே குரலில் மெதுவாகச் சொன்னேன்.

"ஆரணி ஆற்றோரம்... மைதானத்தில் வசித்து வந்த... நம் அன்பிற்குரிய ஜெனரேட்டர் அவர்கள்... சற்றுமுன்... காலமானார்."

பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். "எடுப்பு எப்போ?" என்று ஒருவன் கத்தினான். "டீசல் ஊத்தினா எழுந்து உக்காந்துக்குவாரு, யாரும் அழுவாதீங்க" என்றேன். பயம் போய்விட்டது. விற்பனைக் குரல் வந்துவிட்டது. "முன்னாடி இருக்கறவங்க ரெண்டு அடி பின்னாடி வாங்க! பின்னாடி இருக்கறவங்க அப்டியே கீழ குந்துங்க!" என்று மூன்று தடவை சொன்னேன். செய்தார்கள். தடுப்பில் நெருக்கம் தளர்ந்தது. குழந்தை அழுகையும் நின்றது. கைபேசி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த ஓட்டத்தில் என் வரியும் வந்துவிட்டது.

"வீட்ல இருக்கறவங்க..." என்றேன்.

"வாசலுக்கு வாங்க!" என்றது ஊர்.

"வாசல்ல இருக்கறவங்க..."

"வண்டிகிட்ட வாங்க!"

அந்த நேரம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு பக்கம், அவ்வளவு ஜனங்கள் ஒரு பக்கம், நடுவில் என் வரி. என் மகள் முகத்தைத் தேடினேன். இருட்டில் தெரியவில்லை.

அப்போது என் தோளில் ஒரு கை. அவன்தான். மேடையிலிருந்து குதித்து வந்திருந்தான். வியர்வையில் தொப்பலாக நனைந்து, நாய்க்குட்டி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனும் மூச்சு வாங்குவான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணா, செமண்ணா! அந்த மைக்க ஒரு நிமிஷம் குடுங்கண்ணா."

எனக்குக் கொடுக்க மனம் இல்லை. இன்னும் ஒரு தடவை என் வரியை என்னைச் சொல்லவிட்டு அவன் கேட்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் அவனைப் பார்த்துவிட்டார்கள். கொடுத்தேன். அவன் என் சீட்டின் மேல் ஏறி, கூரைக் கம்பியைப் பிடித்து வெளியே சாய்ந்துகொண்டான். என் மைக் வயர் நீளம் போதாது. நான் வயர் மாட்டியிருக்கிற ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கையில் தூக்கி, வயர் பிடுங்கிக்கொள்ளாமல் அவன் காலடியில் குனிந்து நின்றேன். "கை தட்டுங்க" என்றான். கூட்டம் தாளம் போட்டது. அதற்கு மேல் என் வரியை எடுத்தான். நான் இழுத்துச் சொல்வதை அவன் வெட்டி வெட்டிச் சொன்னான். வீட்ல, வீட்ல, வீட்ல இருக்கறவங்க. நடுவில் அவன் வார்த்தைகளைச் சேர்த்தான். பட்டு, தறி, ஆறு, ஜெனரேட்டர் சாவு, எல்லாம் அந்த நிமிஷத்தில் கட்டியது. ஒவ்வொரு சுற்றிலும் என் வரிக்கே திரும்பி வந்தான். ஊரே குதித்தது.

ஜெனரேட்டர் உயிர் பெற்று விளக்கு எரிந்தது. குனிந்தபடியே கூட்டத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் என் மகள். கை தலைக்கு மேலே. தொண்டை நரம்பு தெரிய என் வரியைக் கத்திக்கொண்டிருந்தாள். தெருவில் சொல்லாதே என்று சொன்னாளே, அதே வரி. ஆனால் கண் என் மேல் இல்லை. என் தலைக்கு மேலே, அவன் மேல் இருந்தது.

அவன் மைக்கைத் திருப்பிக் கொடுத்து, "அண்ணனுக்கு ஒரு தட்டு தட்டுங்க" என்றான். தட்டினார்கள். அதற்குள் அவன் மேடை ஏறிவிட்டான். கைத்தட்டு அவன் பின்னாலேயே போய்விட்டது.

வீட்டுக்கு மூன்று பேரும் என் ஆட்டோவில்தான் வந்தோம். மகள் மைக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இத தொடைச்சிடாத."

"ஏம்மா?"

"அவரு பேசின மைக்குப்பா!"

மைக்கோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், படத்தில் என் முதுகு வந்திருக்கலாம். மனைவி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று கண்ணாடியில் தெரிந்தது. "நாளைக்கு அதுக்கு மாலை போட்டு வெச்சிடலாம்" என்றாள். காலையில் மகள் பள்ளிக்குப் போனதும் ஒரு துணியை நனைத்து மைக்கை நன்றாகத் துடைத்தேன். என் எச்சில் படுகிற இடம் அது.

அதற்கு அடுத்த வாரம் முழுக்க ஊரில் அந்த வரிதான். யாரோ எடுத்த வீடியோ எல்லாக் கைபேசியிலும் ஓடியது. அதில் அவன் தெரிகிறான், என் ஸ்பீக்கர் தெரிகிறது, பெட்டியைப் பிடித்திருக்கிற இரண்டு கை தெரிகிறது. அந்தக் கைதான் நான். ஒருநாள் கண் பரிசோதனை முகாமுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வழக்கமான வரியைச் சொன்னதும் பேருந்து நிலையத்தில் ஓர் இளநீர்க்காரர் கூப்பிட்டார்.

"இன்னா தலைவரே, அந்தப் பையன் டயலாக்க சுட்டுகினு வந்துட்டியா?"

"யோவ், இத நான் எத்தினி வருஷமா சொல்லிகினு வரேன்!"

"ஆமா ஆமா, எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க. ஆனா அந்தப் பையன் சொன்ன மாதிரி வரலப்பா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அந்த வரியைச் சொல்லவே இல்லை. "கண் பரிசோதனை முகாம், கண் பரிசோதனை முகாம்" என்று மொட்டையாகவே சுற்றினேன்.

சாயங்காலம் வேப்பமரம் வந்தது. மைக்கை அணைத்தேன். வண்டி சும்மா வந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரே சத்தம். என் மகளும் அந்த டியூஷன் தோழிகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அப்பாவே அந்த அண்ணாகிட்ட கேட்டுத்தான் சொல்றாராம். எங்க மாமா சொன்னாரு" என்றாள் ஒருத்தி.

"உங்க மாமாக்கு இன்னா தெரியும்? நான் மூணாவது படிக்கும்போதே இந்த லைன் சொல்லியிருக்கேன். பாதி நான் சொல்வேன். எங்க அப்பா கட்டினது!"

"சும்மா ரீல் வுடாத."

மகள் என் வண்டியைப் பார்த்தாள். வாசலிலிருந்து இறங்கினாள். நேராக வண்டிகிட்ட வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, மைக்க போடு."

"நம்ம தெருவாச்சேம்மா."

"போடுப்பா! இதுங்க நம்ப மாட்டேங்குதுங்க."

போட்டேன். கண் பரிசோதனை முகாமுக்குத்தான் சொல்ல வேண்டும், வேறு அறிவிப்பு கையில் இல்லை. ஆனால் அந்த முகாமுக்கு ஆரணியில் யாரும் சொல்லாத மாதிரி சொன்னேன். என் வரியை இழுக்கிற இடத்தில் இழுத்து, இறக்குகிற இடத்தில் இறக்கி, மூன்று தடவை. எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கூட நின்று கேட்டார்.

முடித்ததும் மகள், "இன்னொரு வாட்டி" என்றாள்.

மூன்று தடவை சொல்வது என் தொழில். நான்காவது தடவையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அந்த அண்ணா சொன்ன மாதிரி சொல்லுங்க அங்கிள்" என்றாள் தோழி.

"வாணாம்ப்பா" என்றாள் என் மகள். "நீ உன் மாதிரியே சொல்லு."

"வீட்ல இருக்கறவங்க..." என்று ஆரம்பித்து, மைக்கை அவள் பக்கம் நீட்டினேன். அவள் மீதியைச் சொன்னாள். தோழிகளைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினாள், மைதானத்தில் ஆட்டின மாதிரி.

மைதானத்தில் அவனுக்காக அந்தக் கை தலைக்கு மேலே போயிருந்தது. எங்கள் தெருவில் தோள் வரைக்கும்தான் வந்தது. நான் கவனித்தேன்.